பரிசா, விருதா, சன்மானமா?

பொங்கலுக்கு எங்கள் தெருவில் விளையாட்டுப் போட்டி உண்டு. இந்த வருடம் நோட்டீஸ் எழுதிக்கொண்டு வந்த பையன்கள் ‘விருது வழங்கும் விழா’ என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். உள்ளே கோலப்போட்டி, சாக்கு ஓட்டம், மியூசிக்கல் சேர். “பரிசளிப்பு விழான்னு போடுங்கப்பா” என்றேன். “பரிசுன்னா சோப்பு டப்பா ஞாபகம்தான் வருதுண்ணே. விருதுன்னாதான் ஒரு கெத்து” என்றான் ஒருவன்.

பரிசு சின்னது, விருது பெரியது என்ற இந்த எண்ணம் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1930-ல் சி.வி. ராமனுக்குக் கிடைத்தது நோபல் பரிசு. ‘நோபல் விருது’ என்று யாராவது எழுதினால் இன்றைக்கும் காதில் இடறும். சாகித்ய அகாதெமியைக்கூடப் பழைய புத்தக அட்டைகளில் ‘பரிசு பெற்ற நாவல்’ என்றுதான் போட்டிருப்பார்கள். இப்போதுதான் எல்லாமே விருதாகிவிட்டது.

இரண்டுக்கும் வித்தியாசம் அளவில் இல்லை. கூட வரும் வினைச்சொல்லைக் கவனித்தால் பிடிபட்டுவிடும். பரிசு விழும், அடிக்கும். பரிசைத் தட்டிச் செல்லலாம், கோட்டையும் விடலாம். 1968-ல் தமிழக அரசு லாட்டரி தொடங்கியபோது அதற்குப் ‘பரிசுச் சீட்டு’ என்று பெயர் வைத்தது பொருத்தமான காரியம். 2003-ல் லாட்டரிக்குத் தடை வந்தும் ‘பரிசு விழுந்தது’ என்கிற பேச்சு அப்படியே நிற்கிறது. விருது விழாது, அடிக்காது. அதை அறிவிப்பார்கள், வழங்குவார்கள். அலங்காநல்லூரில் மாட்டை அணைந்தவருக்கு அந்த இடத்திலேயே கிடைப்பது பரிசு. அதற்கு நடுவர் குழு உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை, எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த வெற்றி அது. பல வருட உழைப்பைப் பார்த்து, பலர் கூடிப் பேசி முடிவு செய்து தருவது விருது.

‘வாங்கு’ என்ற வினையையும் வைத்துப் பாருங்கள். ‘பாப்பா பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கினாள்’ என்றால் வீடே சந்தோஷப்படும். ‘அவர் விருது வாங்கினார்’ என்றால் காசு கொடுத்தா என்று ஒரு சந்தேகம் ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் எழுதும்போது ‘விருது பெற்றார்’ என்று கவனமாகப் போடுகிறோம்.

பழைய பொருளைப் பார்த்தால் இன்னும் சுவை. விருது என்றால் முன்பு வெற்றிச் சின்னம், கொடி, பட்டப்பெயர். பரிசு என்ற சொல்லுக்கோ ‘விதம்’, ‘தன்மை’ என்ற பொருளும் இருந்தது. திருப்பாவையின் 27-ஆம் பாட்டு, அதுதான் ‘கூடாரை வெல்லும்’, அதில் ‘யாம்பெறு சம்மானம் நாடு புகழும் பரிசினால்’ என்று வருகிறது. நம் சொற்களில் இரண்டு ஒரே மூச்சில்! ஆனால் கையில் கிடைக்கப்போகும் சூடகமும் தோள்வளையும் அங்கே சம்மானம். பரிசு என்பது ‘நாடே புகழும்படியாக’ என்பதில் உள்ள ‘படி’. அந்தச் சம்மானம்தான் இன்றைய சன்மானம். ஆண்டாள் கேட்ட சொல் இன்று பத்திரிகைக் கட்டுரைக்கு வரும் தொகையிலும், ‘துப்பு கொடுத்தால் தக்க சன்மானம்’ என்கிற போலீஸ் சுவரொட்டியிலும் வந்து நிற்கிறது. செய்த வேலைக்குக் கைமேல் பலன், அவ்வளவுதான்.

வெகுமதி பெரும்பாலும் மேலிருப்பவர் கீழிருப்பவருக்குத் தருவது. இன்று அதிகம் பேச்சில் இல்லை. அன்பளிப்பு நல்ல சொல்தான், லஞ்சத்துக்குப் போர்வையாகப் போட்டுப் போட்டு அழுக்காக்கிவிட்டார்கள். கல்யாண வீட்டு வாசலைத் தாண்டி அதைப் பயன்படுத்த எனக்கு மனம் வருவதில்லை.

எனக்கு மிகப் பிடித்தது பரிசில். சங்கப் புலவர்கள் பெற்றது இதைத்தான். அதியமானைப் பார்க்க மலையெல்லாம் கடந்து போனார் பெருஞ்சித்திரனார். அவன் இவரை நேரில் காணாமலே பொருளைக் கொடுத்தனுப்பினான். ‘காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்’, அதாவது என்னைப் பார்க்காமலே தந்த இந்தப் பொருளை வாங்கிப்போக நான் வியாபாரி இல்லை என்று சொல்லிவிட்டார் (புறநானூறு 208). தினையளவு தந்தாலும் போதும், என் தகுதியை அறிந்து தா என்பது அவர் கேட்டது. தகுதி அறிந்து தருவது என்ற அந்தப் பொருளைத்தான் இன்று விருதுக்குக் கொடுத்திருக்கிறோம். பையன் பரிசைச் சோப்பு டப்பாவோடு நிறுத்தியதற்கும் இதுவே காரணம் என்று தோன்றுகிறது.

கடைசியில் நோட்டீஸில் ‘பரிசளிப்பு விழா’ என்றே போட்டோம். கோலத்துக்கு முதல் பரிசு குத்துவிளக்கு, சாக்கு ஓட்டத்துக்கு எவர்சில்வர் தூக்கு. அப்புறம், எங்கள் தெருவில் வெகுகாலமாகக் குப்பை அள்ளும் அம்மாவுக்கு ஒரு புடவையும் கொஞ்சம் பணமும் கொடுப்பதாக இருந்தது. அதற்கு ‘அன்பளிப்பு’ என்று எழுதியிருந்தார்கள். அடித்துவிட்டு ‘விருது’ என்று எழுதச் சொன்னேன். அன்றைக்கு அவர் வர முடியாவிட்டால் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிடலாமா என்று ஒரு பையன் கேட்டான். வேண்டாம், அவருக்குத் தோதான நாளைக் கேட்டு அன்றைக்கே விழாவை வைத்துக்கொள்ளலாம் என்றேன்.