ஏரித் தரையில் மிட்ரேஞ்ச், அப்ரோச் டிஸ்க்: சில வருஷம் வீசிப் பார்த்ததில்

டிஸ்க் கால்ஃப் தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம். பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை, குறைந்த வீச்சில் யார் தட்டைக் கூடைக்குள் போடுகிறார்களோ அவர்கள் ஜெயித்தார்கள். 1975-இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானம் வந்தது, அடுத்த வருஷமே அதை வடிவமைத்த எட் ஹெட்ரிக் பி.டி.ஜி.ஏ. (புரொஃபஷனல் டிஸ்க் கால்ஃப் அசோசியேஷன்) என்ற சங்கத்தை ஆரம்பித்தார், இன்றைக்கும் எல்லா டிஸ்குக்கும் அளவு, எடை விதி அவர்களுடையதுதான். நாங்கள் ஆடுவது காட்பாடிப் பக்கம், கோடையில் வற்றிக் கிடக்கும் ஏரியில். கூடை, தெரிந்த வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தது. சங்கிலி கொஞ்சம் கனமாகிவிட்டது, டிஸ்க் பட்டால் கோயில் மணி கணக்காகச் சத்தம் வரும், மற்றபடி குறை இல்லை.

எங்கள் தரையில் ஒரு குழிக்கு, அதாவது வீசத் தொடங்கும் இடத்திலிருந்து கூடை வரைக்கும், ஐம்பதிலிருந்து எண்பது மீட்டர், அதைத் தாண்டினால் சீமைக் கருவேலம். அதனால் டிரைவர் என்கிற வேகமான டிஸ்குக்கு வேலையே இல்லை, நடுத்தரத் தூரத்துக்கான மிட்ரேஞ்சும், கூடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போடும் அப்ரோச்சும்தான் ஆட்டம் முழுக்க. எதை வாங்குவது என்று கேட்கிறவர்கள் எல்லோரும் டிஸ்கின் மேல் அச்சடித்த நான்கு எண்களைத்தான் பார்க்கிறார்கள்: ஸ்பீடு, கிளைடு, டர்ன், ஃபேட். ஸ்பீடு என்றால் வேகம், கிளைடு என்றால் காற்றில் மிதக்கும் தன்மை. வலது கைக்காரர் பேக்ஹேண்ட் வீசினால், வேகமாகப் போகும்போது வலப்பக்கம் சாய்வது டர்ன் (மைனஸில் போகப் போகச் சாய்வு அதிகம்), வேகம் குறைந்ததும் கடைசியில் இடப்பக்கம் இறங்குவது ஃபேட். இந்த எண்கள் காற்றில் இருக்கும் வரைக்கும்தான். தரையில் விழுந்தபின் என்ன ஆகும் என்று எந்த எண்ணும் சொல்லாது, நம்ம ஊரில் பாதி ஆட்டம் அங்கேதான் கெடுகிறது. இணையத்தில் வரும் அனுபவங்கள் பெரும்பாலும் புல்தரையில் ஆடுகிறவர்கள் எழுதியவை. பாளம் பாளமாக வெடித்த களிமண்ணில் வீசுகிறவன் அதை அப்படியே நம்பி வாங்கக் கூடாது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

மிட்ரேஞ்சில் நான் அதிகம் வீசியது டிஸ்க்ராஃப்ட் கம்பெனியின் பஸ்ஸ். 2003-இல் வந்த டிஸ்க், எண்கள் 5, 4, -1, 1. இதைப் பற்றி உலகமே நல்லதாகத்தான் சொல்கிறது, எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. தட்டையாக விட்டால் நேராகப் போகும், எந்தக் கோணத்தில் சாய்த்து விட்டோமோ அந்தக் கோணத்தைப் பிடித்துக்கொண்டே போகும், கடைசியில் லேசாக இடப்பக்கம் திரும்பி உட்காரும். கை தப்பு செய்தால் அதையும் மறைக்காமல் காட்டிக்கொடுக்கும், அதனால் புதிதாகக் கற்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

பிளாஸ்டிக்கில்தான் விஷயம் இருக்கிறது. இதே பஸ்ஸ் இசட் பிளாஸ்டிக்கிலும் வருகிறது, ஈ.எஸ்.பி. பிளாஸ்டிக்கிலும் வருகிறது. இசட் கண்ணாடி போல வழவழப்பு, கல்லில் பட்டாலும் அசராது, ஆனால் அக்னி நட்சத்திரத்தில் காலை எட்டு மணிக்கே உள்ளங்கை நனைந்துவிடும் ஊரில் அந்த வழவழப்பு பெரிய தலைவலி. துண்டால் எவ்வளவு துடைத்தாலும் இரண்டு வீச்சுக்கு மேல் தாங்காது. ஈ.எஸ்.பி. கொஞ்சம் ஒட்டும் தன்மை உள்ளது, வேர்வையிலும் விரலுக்குப் பிடி கிடைக்கிறது. கீறல் சீக்கிரம் விழும், பரவாயில்லை. கடையில் ஏசி காற்றில் எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பஸ்ஸின் பலவீனம் எதிர்க்காற்று. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், 180 கிராம் தட்டு எம்மாத்திரம்? எதிர்க்காற்றில் எந்த டிஸ்கும் தன் எண்ணைவிட அதிகமாக வலப்பக்கம் சாயும், பஸ்ஸுக்கு ஏற்கெனவே -1 இருப்பதால் பாதி வழியில் புரண்டு முள்ளுக்குள் போய்விடும். ஆடி மாசம் முழுக்க அதைப் பையில் தூங்கவிட்டு இன்னோவா கம்பெனியின் ராக்கை எடுத்துக்கொள்கிறேன்.

ராக் 1987-இலிருந்து இருக்கிற பழைய டிஸ்க், 4, 4, 0, 3. பன்னிரண்டு முறை உலகச் சாம்பியனான கென் க்ளைமோவின் பெயரில் கேசி ப்ரோ ராக் என்று ஒரு தனி வகையே உண்டு. நான் வாங்கியது விலை குறைந்த டி.எக்ஸ். பிளாஸ்டிக். விளிம்பின் அடியில் மெல்லிய வரம்பு ஒன்று ஓடும், சிலருக்கு அது விரலில் உறுத்தும், எனக்குப் பிடித்திருக்கிறது. டி.எக்ஸ். தேயத் தேய வலப்பக்கம் சாயும் குணம் வரும் என்பது தெரிந்த கதைதான், ஆனால் புல்தரைக்காரர்கள் வருஷக்கணக்கில் பழக்கி எடுப்பதை நம்ம ஊர்க் கருங்கல் பாறை ஒரு சீசனில் செய்து கொடுத்துவிடுகிறது. விளிம்பைத் தடவினால் ரம்பப் பல் மாதிரி இருக்கும். அப்படித் தேய்ந்ததைத் தூக்கிப் போடாதீர்கள், வலப்பக்கம் வளைந்து போக வேண்டிய குழிக்கு அதைவிடத் தோதான டிஸ்க் புதிதாகக் கிடைக்காது. காற்றுக்கு வேறு ஒரு புதிய ராக் வைத்துக்கொள்ளுங்கள், விலை கையைக் கடிக்காது.

அப்புறம் அப்ரோச். எல்லோரும் கை காட்டுவது டிஸ்க்ராஃப்ட் சோன். 4, 3, 0, 3, உயரம் குறைந்த தட்டை டிஸ்க், ஃபோர்ஹேண்டுக்கு விரலில் அளவெடுத்தது போல உட்காரும். எதிர்க்காற்று, பக்கக்காற்று எதற்கும் அசையாது, பேக்ஹேண்டில் எவ்வளவு வேகமாக விட்டாலும் கடைசியில் இடப்பக்கம் வந்தே தீரும். காற்றில் இருக்கும்வரை ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் இடப்பக்கம் சரிந்து இறங்குகிறது என்றால் இடது விளிம்பு முதலில் தரையைத் தொடுகிறது என்று அர்த்தம். ஈர மண்ணிலோ புல்லிலோ அது குத்தி நின்றுவிடும். மே மாசத்து ஏரிக் களிமண்ணில் விளிம்பு பட்ட இடத்தில் ஒரு கோடு மட்டும் விழும், கொஞ்சம் புழுதி எழும்பும், டிஸ்க் சுண்டிவிட்ட கேரம் காய் மாதிரி கூடையைத் தாண்டி இடப்பக்கம் வழுக்கிப் போய்க்கொண்டே இருக்கும். கூடையிலிருந்து ஐந்தடியில் விழுந்தது நாற்பதடி தள்ளி முள்ளுக்குள் கிடக்கும்.

அங்கே ஆடு மேய்க்கிற தாத்தா ஒருவர் எங்களைவிட வேகமாகக் கண்டுபிடிப்பார். "இன்னா தம்பி, மறுபடியும் தட்டு காணோமா? அங்க முள்ளுக்கு அடியில கீது பாரு" என்பார். "எப்படி தாத்தா பார்த்தீங்க?" என்றால், "ஆடு எங்க பூந்திச்சின்னே பாக்கறேன், இத்த பாக்க மாட்டனா" என்று பதில் வரும்.

சோனை வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் கூடைக்கு முன்னால் கரைச் சரிவு இருக்கும் குழிகளில் பயன்படுத்துங்கள், ஏற்றத்தில் பட்டால் வழுக்கல் அடங்கும். சமதரைக்கு இப்போது நான் எடுப்பது காஸ்டாபிளாஸ்ட் பெர்க். ஸ்வீடன் நாட்டு டிஸ்க், எண்கள் 1, 1, 0, 2. மேல் பக்கம் பள்ளமாக இருக்கும், கட்டைவிரல் வைக்க அங்கேயே வட்டமாக ஒரு தடம். கிளைடு 1 என்பதைப் பார்த்துப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எங்கள் தரைக்கு அந்த 1 தான் வேண்டும். மிதக்காது, வேகம் போனதும் பொத்தென்று விழும், விழுந்த இடத்திலிருந்து ரொம்ப தூரம் நகராது. தூரம் போகாது என்பது நிஜம், நாற்பது மீட்டருக்கு மேல் எனக்குத் தோள் வலிக்கிறது, அந்த இடத்தில் பஸ்ஸை மெதுவாக விடுவதே மேல். முப்பது மீட்டருக்குள் சோனையும் பெர்க்கையும் மாற்றி மாற்றி விட்டுப் பாருங்கள், எது கூடைக்குப் பக்கத்தில் கிடக்கிறது என்று தரையே சொல்லும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை வந்தபின் கதை தலைகீழ். சேற்றில் சோன் குத்தி நிற்கிறது, பெர்க்குக்குத் தனிப் பெருமை ஒன்றும் இல்லை. ஏரியில் தண்ணீர் ஏறிவிட்டால் கரையோரக் குழிகளை நாங்கள் மூடிவிடுவோம். பெரும்பாலான டிஸ்க் தண்ணீரில் மூழ்கிவிடும், கலங்கல் தண்ணீரில் தேடிக் கிடைத்தவர் யாரும் இல்லை.

எடை பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். விதிப்படி விட்டத்தின் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராம் வரை போகலாம், 21.7 சென்டிமீட்டர் உள்ள பஸ்ஸுக்கு அது 180 சொச்சம். காற்று அடிக்கும் இடத்துக்கு 175-க்கு மேல் வாங்குங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு 160 சொச்சம் போதும், கனமானதைக் கொடுத்தால் கையை முறுக்கி வீசக் கற்றுக்கொள்வார்கள், பிறகு திருத்துவது கஷ்டம். வெயிலில் நிறுத்திய பைக் பெட்டியில் டிஸ்கை விட்டுவிட்டுப் போகாதீர்கள், வளைந்துவிடும். வளைந்தால் வெந்நீரில் கொஞ்சம் போட்டு எடுத்து, சமமான தரையில் வைத்து ஆறவிடுங்கள், ஓரளவு சரியாகும்.

நிறம் ரோஸ் அல்லது அடர் நீலம். மஞ்சள் காய்ந்த புல்லில் மறையும், பச்சை கருவேலத்தில் மறையும், காவி நிறம் செம்மண்ணில் போய்விடும். அடியில் பெயரும் போன் நம்பரும் மார்க்கரில் எழுதுங்கள், மணலில் உரசி மாசத்துக்கு ஒரு முறை அழியும், திரும்ப எழுத வேண்டியிருக்கும். எண்ணைப் பெரிதாக எழுதினால் நல்லது, ஆடு மேய்க்கிறவர்களும் விறகு பொறுக்க வருகிறவர்களும் கூப்பிட்டுச் சொல்கிறார்கள்.