மறுசேர்க்கை எதிர்ப்பொருள் என்று விற்கப்பட்ட குப்பி: ஆய்வகங்களின் கவனத்திற்கு

ஆக்டின் என்ற புரதத்தின் தசை வகைகளைக் கண்டறியும் எச்எச்எஃப்35 குளோனின் (ஒரே மூலச் செல்லின் வழிவந்த எதிர்ப்பொருள் வகை) மறுசேர்க்கை எதிர்ப்பொருள் என்று ஒரு முகவர் விற்ற குப்பியை நம்பி, மூன்று மாத உழைப்பையும் மீண்டும் பெறவே முடியாத திசு மாதிரிகளையும் எங்கள் ஆய்வகம் இழந்திருக்கிறது. அதே குப்பி வேறொரு மாணவரின் கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பாலூட்டிகளில் ஆறு வகை ஆக்டின்கள் உள்ளன. அவற்றுள் நான்கு தசைக்குரியவை. மற்ற இரண்டும் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் இருப்பவை. இவற்றின் அமினோ அமில வரிசைகள் 90 சதவீதத்துக்கும் மேல் ஒத்திருப்பதால், தசை வகைகளை மட்டும் பிரித்தறியும் எதிர்ப்பொருளுக்குத் தனி மதிப்பு உண்டு. வழக்கமாக எதிர்ப்பொருளைச் சுரக்கப் பயன்படும் கலப்புச் செல்களான ஹைப்ரிடோமா செல்கள் நாளடைவில் மரபணு மாற்றம் அடையவோ சுரப்பை இழக்கவோ கூடும். மறுசேர்க்கை முறையிலோ எதிர்ப்பொருளின் மரபணு வரிசையே கையில் இருப்பதால், ஒவ்வொரு லாட்டும் (தயாரிப்புத் தொகுதியும்) முந்தையதைப் போலவே அமையும் என்று எதிர்பார்க்கலாம். கூடுதல் விலை கொடுக்க நாங்கள் ஒப்புக்கொண்டது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

பெட்டி வந்தபோது உள்ளிருந்த ஜெல் பைகள் உருகியிருந்தன. லாட்டுக்குரிய பகுப்பாய்வுச் சான்றிதழ் இல்லை. பிறகு அனுப்புவதாகச் சொன்னார்கள். அன்றே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். இதயத் தசைச் சாற்றின் புரதங்களை எடைவாரியாகப் பிரித்து இந்த எதிர்ப்பொருளால் சோதித்தபோது, ஆக்டினின் எடையான 42 கிலோடால்டனில் தெளிவான பட்டை கிடைத்ததும் பரிசோதனை முடிந்துவிட்டதாக நினைத்தோம். இங்கேதான் பிழை நேர்ந்தது. எந்த ஆக்டின் எதிர்ப்பொருளும் இதயத் தசையில் அதே இடத்தில்தான் பட்டை தரும். ஆகவே அந்தப் பட்டை எதையும் நிரூபிப்பதில்லை.

கல்லீரல் வெட்டுகளைச் சாயமேற்றிய பிறகே உண்மை தெரிந்தது. இரத்தக் குழாய்களின் சுவர்கள் மட்டும் நிறமேற வேண்டிய இடத்தில் கல்லீரல் செல்கள் அனைத்தும் பழுப்பாயின. தசையோடு தொடர்பே இல்லாத, ஜர்கட் எனப்படும் இரத்த வெள்ளையணுச் செல்களின் சாறும் இதயத்துக்கு நிகரான பட்டையைத் தந்தது. செறிவைக் குறைத்துப் பார்க்கும்படி முகவர் சொன்னார். 1:500 முதல் 1:5000 வரை நீர்த்தபோதும் இரண்டு பட்டைகளும் ஒன்றாகவே மங்கின. இறுதியில் லாட் எண்ணைக் குறிப்பிட்டு உற்பத்தி நிறுவனத்துக்கே எழுதினோம். அப்படியொரு லாட்டைத் தாங்கள் தயாரித்ததே இல்லை என்று பதில் வந்தது.

எனவே விலைப்புள்ளி கேட்கும்போதே குளோன் பெயரையும் லாட் எண்ணையும் எழுத்தில் பெற்று, உற்பத்தியாளரிடம் நேரடியாக உறுதிசெய்துகொள்ளுங்கள். தசை இல்லாத ஒரு செல்சாற்றையும் ஒரு கல்லீரல் வெட்டையும் சோதிக்காமல் அரிய மாதிரிகளைத் தொடாதீர்கள். அந்தச் சோதனை முடியும்வரை பணத்தையும் விடுவிக்காதீர்கள். எங்கள் பணம் இன்னும் திரும்பவில்லை. குப்பியையும் முகவரின் கடிதங்களையும் கொள்முதல் குழுவிடம் புகாரோடு ஒப்படைத்திருக்கிறோம்.