மாலை ஆறரை மணித் தகவல்: எங்கள் பள்ளியின் கொரோனா அறிவிப்புகளோடு இரண்டு வருடம்

மாலை ஆறரை ஆனால் எங்கள் வீட்டில் ஃபோன் சமையலறை ஜன்னலுக்குப் போய்விடும். சிக்னல் அங்கேதான் கொஞ்சமாவது நிற்கும். கொரோனா காலத்தில் பள்ளியிலிருந்து அந்த நேரத்துக்கு ஒரு தகவல் வரும். மறுநாள் பிள்ளைகளை அனுப்பலாமா வேண்டாமா என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம். ஏறக்குறைய இரண்டு வருடம் அதை நம்பி இருந்தவள் என்ற முறையில், எது உதவியது, எது உதவவில்லை என்று எழுதுகிறேன்.

கோத்தகிரியிலிருந்து அரவேனு போகும் வழியில் எங்கள் ஊர். நாற்பது வீடு இருக்கும். 2020-ல் மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு, இரண்டு பேரும் ஒரே பள்ளி. நான் தேயிலை ஃபேக்டரியில் பச்சை இலை எடை போட்டுக் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்காரர் பிக்கப்பில் கேரட், பீட்ரூட் ஏற்றிக்கொண்டு குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்வருகிறார். மாமியாருக்கு 71 வயது, சர்க்கரை உண்டு. அதனால் தொற்று எங்கே இருக்கிறது, எங்கள் பிள்ளைகளுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது எங்களுக்கு மிகவும் முக்கியமாக இருந்தது.

முதல் சில மாதம் வந்த தகவல்களால் பயன் இல்லை என்றே சொல்வேன். "நமது பகுதியில் கொரோனா தொற்று அதிகரித்து வருவதால் பெற்றோர்கள் மிகுந்த எச்சரிக்கையுடன் இருக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று வரும். நமது பகுதி என்றால் எது? கோத்தகிரி பஸ் ஸ்டாண்டா, செக்போஸ்ட்டா, பக்கத்து எஸ்டேட்டில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளா? எச்சரிக்கையாக இருப்பது என்றால் மறுநாள் காலையில் நான் எதைச் செய்ய வேண்டும், எதை விட வேண்டும்? சுகாதாரத் துறை தினமும் வெளியிட்ட அறிக்கையிலும் நீலகிரிக்கு ஒரே ஒரு வரிதான். ஆறு தாலுகாவுக்கும் சேர்த்து ஒரு எண். பந்தலூர் மாவட்டத்தின் ஒரு முனை, கோத்தகிரி இன்னொரு முனை. இன்றைக்கு இத்தனை பேர் என்று கேட்டுப் பயப்படலாமே தவிர, அதை வைத்து வீட்டில் ஒரு முடிவும் எடுக்க முடியாது.

அப்புறம் பள்ளி நேர் எதிராக ஒரு தவறு செய்தது. பள்ளி மூடியிருந்த மாதங்களில் சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். அதை வாங்கப் போகும் நேரத்தில் வீட்டுக்காரருக்குப் பாசிட்டிவ் வந்தது. அன்று மாலை எல்லாப் பெற்றோருக்கும் போன தகவலில் எங்கள் ஊர் பெயரைப் போட்டு, அங்கே தொற்று இருப்பதால் அங்கிருந்து யாரும் வர வேண்டாம் என்று இருந்தது. நாற்பது வீட்டில் ஆம்புலன்ஸ் எந்த வீட்டு வாசலில் நின்றது என்று யாருக்குத் தெரியாது? ஊர் பெயரைச் சொன்னாலே எங்கள் பெயரைச் சொன்ன மாதிரிதான். மறுநாளிலிருந்து இலை ஏஜென்ட்டின் வண்டி எங்கள் வளைவில் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா பறித்து வைத்த இலை சாக்குக்குள்ளேயே சூடேறிச் சிவந்துவிட்டது. சாக்கைப் பிரித்து அவர் கையை உள்ளே விட்டுக் கிளறியபோது ஆவி வந்தது. அவர் வீட்டில் ஒருவருக்கும் காய்ச்சல்கூட இல்லை. என்னிடம் ஒரு வார்த்தையும் கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தனிமை முடிந்ததும் தலைமை ஆசிரியைக்கு ஃபோன் செய்தேன். எங்கள் ஊரில் எல்லாருக்கும் அவர் பெரிய டீச்சர். "டீச்சர், எச்சரிக்கை சொல்ல வேண்டியதுதான். ஆனால் ஊர் பெயர் எதற்கு?" என்று கேட்டேன். நோயாளியின் பெயரையோ இருக்கும் இடத்தையோ பரப்பக் கூடாது என்று 2020 ஏப்ரலிலேயே மத்திய சுகாதார அமைச்சகம் சொல்லியிருந்தது. கிராம சுகாதார செவிலியரும் அதை எங்களிடம் சொல்லியிருந்தார். டீச்சர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "நான் யோசிச்சிருக்கணும்மா. இனிமே அப்படி வராது" என்றார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட ஊர் பெயர் வரவில்லை. வகுப்பும் பஸ்ஸும் மட்டும்தான் வந்தன.

உண்மையில் நல்ல மாற்றம் 2021 பிப்ரவரி 8-ஆம் தேதி ஒன்பதாம் வகுப்பும் பதினொன்றாம் வகுப்பும் திறந்தபோது வந்தது. ஒரு தகவலை அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன்:

"செவ்வாய், மாலை 6.30. ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவில் ஒருவருக்குத் தொற்று உறுதி. கடைசியாகப் பள்ளிக்கு வந்தது வெள்ளிக்கிழமை. அரவேனு பஸ்ஸில் வருபவர். பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகளின் வீடுகளுக்கு ஃபோனில் பேசிவிட்டோம். உங்களுக்கு ஃபோன் வரவில்லை என்றால் உங்கள் பிள்ளை வழக்கம்போல் வரலாம். அடுத்த தகவல் நாளை 6.30."

இதில் எனக்கு மிகவும் பிடித்தது "கடைசியாகப் பள்ளிக்கு வந்தது" என்ற வரி. முடிவு வந்த நாளை வைத்து எதையும் கணக்குப் போட முடியாது. அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஒருவரிடமிருந்து தொற்று பரவலாம். பரவினால் வெளியே தெரிய பெரும்பாலும் ஐந்தாறு நாள், அதிகபட்சம் பதினான்கு நாள் என்று அப்போது சொன்னார்கள். அந்த வெள்ளிக்கிழமை தெரிந்தால் நானே காலண்டரில் எண்ணிக்கொள்வேன். அன்று முதல் பதினான்கு நாளுக்கு மகள் பாட்டியோடு படுக்கவில்லை, நடுஅறையில் பாய் போட்டுக்கொண்டாள். ஒரு தேதி கிடைத்ததால் ஒரு வயதானவரைக் காப்பாற்ற எங்களால் ஏதோ செய்ய முடிந்தது.

இரண்டாவது, ஃபோன் வரவில்லை என்றால் என்ன அர்த்தம் என்பதையும் சொல்லிவிட்டார்கள். ஆனால் எங்கள் மலையில் ஃபோன் வராததற்குச் சிக்னல் இல்லாததும் காரணமாக இருக்கலாமே? அதைப் பெரிய டீச்சரே யோசித்து, ஒவ்வொரு வீட்டிலும் இரண்டாவது நம்பர் ஒன்று கேட்டு வாங்கினார். சிக்னல் உள்ள இடத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் சரி. மளிகைக் கடைக்காரர், லைன் வீடுகளில் இருக்கும் எஸ்டேட் மேஸ்திரி, அப்படி. நான் ஃபேக்டரி லேண்ட்லைனைக் கொடுத்தேன். இந்த ஒரு வேலையை எல்லாப் பள்ளியும் செய்ய வேண்டும்.

தொற்று இல்லாத நாளிலும் "இன்று புதிய தகவல் எதுவும் இல்லை" என்று ஒரு வரி வரும். சில பெற்றோர் இது எதற்குத் தினமும் என்று கேட்டார்கள். எனக்கு அது வேண்டும். அந்த வரி வராவிட்டால், தொற்று இல்லையா அல்லது சொல்லவில்லையா என்று ராத்திரி முழுக்க மனசு அடித்துக்கொள்ளும்.

எந்த வழியில் தகவல் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் எஸ்எம்எஸ் அனுப்பினார்கள். தமிழில் அனுப்பினால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 70 எழுத்துக்குறிதான் அடங்கும், புள்ளியும் கொம்பும்கூட அதில் சேர்த்தி. ஒரு தகவல் நான்கைந்து துண்டாகும், நடுத்துண்டு முதலில் வந்து நிற்கும். அக்காவின் பழைய பட்டன் ஃபோனில் தமிழே தெரியாது, கட்டம் கட்டமாக வரும். "இங்க பாரு, பெட்டி பெட்டியா அனுப்பியிருக்காங்க" என்று என்னிடம் கொண்டுவருவார். அப்புறம் வாட்ஸ்அப்பில் பெரிய டீச்சர் தன் குரலிலேயே பேசி அனுப்பத் தொடங்கினார். படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிந்தது. ஒரு வீட்டில் ஒரு ஃபோன் இருந்தாலும் சத்தமாக வைத்தால் சுற்றி நான்கு வீடு கேட்டது.

ஆனால் ஆடியோவில் ஒரு சிக்கல் உண்டு. 2021 செப்டம்பர் 1-ஆம் தேதி மேல் வகுப்புகள் மறுபடி திறந்தன. அந்த வாரம் மார்ச்சில் பேசிய ஆடியோவை யாரோ ஃபார்வர்டு செய்துவிட்டார்கள். "நாளை ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளி இல்லை" என்று பெரிய டீச்சர் குரலே சொல்கிறது, யார் சந்தேகப்படுவார்கள்? பிக்கப்பில் ஏறின பிள்ளைகளைக்கூட இறக்கிக் கூட்டிப்போனார்கள். அன்றைக்கே ஒரு பழக்கம் வந்தது. எந்த ஆடியோவாக இருந்தாலும் வணக்கம் சொல்வதற்கு முன்னால் தேதியையும் கிழமையையும் சொல்லிவிடுவார்.

இரண்டாம் அலையைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை. 2021 மார்ச் 22-லிருந்து மகளின் வகுப்பு மூடிவிட்டது, மே 10-லிருந்து முழு ஊரடங்கு. அந்த மாதங்களில் ஆறரை மணித் தகவலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்த நாள் ஸ்வாப் எடுக்கிறார்கள், எந்த நாள் தடுப்பூசி, உதவிக்கு 104 என்பது மட்டும் வந்தது. அது போதுமாக இருந்தது.

மகனின் வகுப்பு நவம்பர் 1-ஆம் தேதி திறந்தது. 2022 ஜனவரியில் மறுபடி மூடி, பிப்ரவரி 1-ஆம் தேதி எல்லா வகுப்பும் திறந்தன. எனக்குப் பெரிய வருத்தம் அந்த பிப்ரவரியில்தான். மகனின் வகுப்பில் மூன்று பிள்ளைகளுக்குக் காய்ச்சல். ஒருவன் இவன் பக்கத்தில் உட்காருபவன். ஒரே தண்ணீர் பாட்டிலில் குடிப்பார்கள். நான்கு நாளும் பள்ளியிலிருந்து "புதிய தகவல் எதுவும் இல்லை" என்றே வந்தது. மற்ற குழுக்களில் இருபது பிள்ளைகளுக்குத் தொற்று, பள்ளி மறைக்கிறது என்று ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் முடிவு வந்த பிறகுதான் சொன்னார்கள். அதற்குள் மாமியாருக்கு இருமல் தொடங்கிவிட்டது.

நேரில் போய்ப் பெரிய டீச்சரிடம் கேட்டேன். "ரிசல்ட் வராம நான் எப்படிம்மா சொல்றது? பொய்யாப் போயிட்டா?" என்றார். அவர் பயம் எனக்குப் புரிந்தது. எங்கள் ஊர் பெயரைப் போட்டு நடந்ததை அவர் மறக்கவில்லை. ஆனால் ஓமிக்ரான் முந்தைய வகையைவிட வேகமாக, மூன்று நாளிலேயே அறிகுறி காட்டியது. நான்கு நாள் காத்திருந்தால் அதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிடும். "டீச்சர், தொற்று என்று சொல்ல வேண்டாம். மூன்று பேருக்குக் காய்ச்சல், சோதனை கொடுத்திருக்கிறோம், முடிவுக்குக் காத்திருக்கிறோம் என்று சொல்லியிருந்தால் நான் அவனைப் பாட்டியிடமிருந்து தள்ளி வைத்திருப்பேன்" என்றேன். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. மாமியார் இரண்டு ஊசியும் போட்டிருந்தார், பத்து நாளில் எழுந்து உட்கார்ந்தார். அதற்காக இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

அடுத்த வாரத்திலிருந்து "முடிவுக்குக் காத்திருக்கிறோம்" என்று ஒரு வரி தகவலில் சேர்ந்தது. கேட்ட உடனே மாற்றினார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் இன்னமும் குறை என்று நான் நினைப்பது ஒன்றுதான். லைன் வீடுகளில் அப்பா அம்மா இரண்டு பேரும் வேலை முடிந்து வீடு சேர்வதற்குள் ஆறரை தாண்டிவிடுகிறது. இரண்டாவது நம்பருக்கு ஃபோன் வந்தாலும் மேஸ்திரி போய்ச் சொல்ல எட்டு மணியாகும். அரிசி வாங்கும் கடைச் சுவரில் ஒரு தாளில் எழுதி ஒட்டினால் வேலைக்குப் போகும்போதே பார்த்துவிடுவார்கள் என்று கேட்டிருக்கிறேன். இன்னும் நடக்கவில்லை.

2022 நவம்பரில் மெட்ராஸ் ஐ பரவியபோது அதே ஆறரை மணிக்கு அதே குரல் வந்தது. தேதி, கிழமை, வணக்கம். ஐந்தாம் வகுப்பில் இரண்டு பேருக்குக் கண் சிவப்பு, டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள், கடைசியாக வந்தது நேற்று, ஒரே துண்டில் முகம் துடைக்க விடாதீர்கள், அடுத்த தகவல் நாளை. மாமியார் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று முழுவதையும் கேட்டுவிட்டு, கொடியில் கிடந்த தன் துண்டை எடுத்துத் தனியாகக் காயப்போட்டார்.