பிரெஞ்சு அடையாள அட்டை போதும் என்று லண்டன் ரிக்கெற் விற்கிறார்கள், கவனம்

பாரிஸ் லாச்சப்பலில் ஒரு பிரயாண முகவரிடம் லண்டன் கலியாணத்துக்குக் குடும்பமாகப் பஸ் ரிக்கெற் எடுத்தோம். மனைவியின் பாஸ்போட் காலாவதி, பிரெஞ்சு அடையாள அட்டைதான் இருக்கிறது என்று முதலிலேயே சொன்னேன். "அது காணும் அண்ணை, பள்ளிக்கூடப் பிள்ளையளே அட்டையோடதான் போகினம்" என்றார். பிரித்தானியாவுக்குள் போவதற்கான ஒன்லைன் அனுமதிக்கென்று ஆளுக்கு 45 யூரோ வேறு.

கப்பல் ஏறும் கலே துறைமுகத்தில் பிரெஞ்சுப் பொலிஸ் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கூண்டில் இருந்த பிரித்தானிய அதிகாரி அட்டையைப் பார்த்ததுமே மறுத்துவிட்டார். எங்கள் பெட்டிகளை இறக்கிவிட்டு பஸ் கப்பலுக்குப் போய்விட்டது. நடுச்சாமம், தூங்கி வழியும் பிள்ளைகள், டாக்சிக்காரர் கேட்ட காசு... விடுங்கள்.

2021 ஒக்டோபர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் அடையாள அட்டையைப் பிரித்தானியா பொதுவாக ஏற்பதில்லை. பிரெக்சிற்றுக்கு முன்பே அங்கே குடியிருந்து வதிவிட உரிமை பெற்றவர்கள் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. பிரெஞ்சுப் பாடசாலைக் குழுக்களுக்கும் 2023 கடைசியில் சலுகை வந்தது. ஆக, முகவர் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னது உண்மைதான். கலியாண வீட்டுக்குப் போகிற என் மனைவிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

அந்த ஒன்லைன் அனுமதிதான் பெரிய பகிடி. ஈடிஏ எனும் அது 2025 ஏப்ரல் 2 முதல் எங்களைப் போன்ற ஐரோப்பியக் குடிமக்களுக்குக் கட்டாயமானது; அதே மாதம் 9ஆம் திகதி கட்டணம் 16 பவுணாக உயர்ந்தது. பாஸ்போட் இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது. அப்படியென்றால் மனைவியின் பெயரில் வாங்கிய 45 யூரோ எதற்கு? கேட்டால், "எல்லையில விடாததுக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்கிறார். பற்றுச்சீட்டில் 'சேவைக் கட்டணம்' என்று மட்டும் இருக்கிறது. பிரெஞ்சு அரசின் சிக்னல்கொன்சோ தளத்தில் முறைப்பாடு போட்டிருக்கிறேன். காசு இன்னும் வரவில்லை.

அடையாள அட்டையோடு ஒன்றிய நாடுகளுக்கும் சுவிஸ், நோர்வே, ஐஸ்லாந்து, லீக்கன்ஸ்டைனுக்கும் தாராளமாகப் போகலாம். அயர்லாந்தின் டப்ளினுக்கும் போகலாம். வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் பிரித்தானியாவுக்குள் இருப்பதால் அங்கே செல்லாது. பிரெஞ்சுக் குடியுரிமை இல்லாமல் வதிவிட அட்டை மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இது எதுவுமே பொருந்தாது; பக்கத்து பெல்ஜியத்துக்கும் பாஸ்போட் வேண்டும்.

கோடை விடுமுறைக்கு இப்படி யாரிடமாவது காசு கட்டியிருந்தால், ஈடிஏ கிடைத்ததற்கான பிரித்தானிய அரசின் மின்னஞ்சலை இப்போதே கேட்டு வாங்குங்கள். 'வந்துவிடும்' என்று எங்களுக்கும் சொன்னார்கள்.