பழையபேட்டை கடையில் பிபிசி மைக்ரோவும் ட்ரோனும்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு மாடி அறையில் இயங்கும் மின்னணுப் பழுதுபார்க்கும் கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று இரண்டு மாதங்களாக எண்ணிக்கொண்டிருந்தேன். அங்கே வருபவர்களில் பெரும்பாலோர் ட்ரோன் பறக்கவிடுபவர்கள். எரிந்துபோன இஎஸ்சியையோ (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிறு பலகை) மாமரத்தில் மோதித் தண்டு வளைந்த மோட்டாரையோ கையில் ஏந்தித்தான் படியேறுவார்கள். நானும் முதலில் அப்படித்தான் போனேன். உள் அலமாரியில் ரப்பர் விசைகள் கொண்ட ஒரு ஸ்பெக்ட்ரமும் ஒரு கொமடோர் 64-ம் ஆகிய பழைய வீட்டுக் கணினிகள் துடைத்துப் பளபளப்பாக வைக்கப்பட்டிருப்பதைக் கண்ட பிறகு, பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய சாமான் வியாபாரி ஒருவரிடம் வாங்கிவந்து நான்கு ஆண்டுகளாகக் கட்டிலுக்கடியில் கிடத்தியிருந்த என் பிபிசி மைக்ரோ என்ற பழைய கணினியைக் கடைக்காரரிடம் ஒப்படைக்கும் துணிவு வந்தது.

அந்தக் கணினி எனக்கு வெறும் பழம்பொருள் அன்று. பள்ளிகளில் கணினிக் கல்வியைத் தொடங்க 1984-ல் மத்திய அரசு கொண்டுவந்த 'கிளாஸ்' திட்டத்தில் பள்ளிகளுக்கு வழங்கப்பட்டது பிபிசி மைக்ரோதான். சேலத்தில் மாமா வீட்டில் தங்கிப் படித்தபோது, வாரத்துக்கு ஒரு பிரிவேளை, மூன்று பேருக்கு ஒரு விசைப்பலகை என்ற கணக்கில் அதைத் தொட்டிருக்கிறேன். 32 கிலோபைட் நினைவகம், 2 மெகாஹெர்ட்சில் ஓடும் 6502 செயலி ஆகியவற்றைக் கொண்டு அது செய்த வேலைகளை நினைத்தால் இன்றும் வியப்பு அடங்கவில்லை.

கடைக்காரர் மூடியைத் திறந்ததும் முதலில் சொன்னது, "அண்ணா, நல்ல வேளை, நீங்க இதை பிளக்குல மாட்டிப் பார்க்கல" என்பதுதான். பிபிசி மைக்ரோவின் மின்வழங்கிப் பெட்டியில் ரிஃபா நிறுவனத்தின் காகிதக் கெப்பாசிட்டர்கள் (மின்தேக்கிகள்) இருக்கும். ஒளி ஊடுருவும் அவற்றின் மேலுறை ஆண்டுகள் செல்லச் செல்ல விரிசல் விட்டு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு ஒரு நாள் மின்சாரம் கொடுத்தால் சில நிமிடங்களில் நாற்றத்துடன் அறை முழுவதும் புகையாகிவிடும். விரிசல்களை உருப்பெருக்கியில் எனக்குக் காட்டிவிட்டு, அவற்றுக்குப் பதிலாகப் பாதுகாப்புத் தரம் கொண்ட புதிய கெப்பாசிட்டர்களை வைத்து, மின்வழங்கியைத் தனியாகச் சோதித்து 5 வோல்ட் சீராக வருகிறதா என்று பார்த்த பிறகுதான் தாய்ப்பலகையோடு இணைத்தார். இணைத்ததும் ஒரு தாழ்ந்த ஒலியும், தொடர்ந்து குறுகிய உயர்ந்த ஒலியும் எழுந்தன. ட்ரோனில் பேட்டரியை மாட்டியவுடன் மோட்டார்கள் எழுப்பும் சுரங்களுக்குப் பழகிய பர்கூர் பொறியியல் மாணவர்கள் இருவர், தங்கள் வேலையை விட்டுவிட்டு மேசையைச் சுற்றி நின்றுகொண்டனர்.

அன்று அவர் செய்து காட்டியதற்காகவே இந்தக் கடையைப் பரிந்துரைக்கிறேன். பிபிசி மைக்ரோவின் பின்புறத்தில் நான்கு அலைவரிசைகள் கொண்ட ஓர் அனலாக் இணைப்பு உண்டு. அந்தக் கணினியின் பேசிக் என்ற நிரல்மொழியில் 'அட்வால்' என்ற கட்டளையால் கேட்டால், அதில் வரும் மின்னழுத்தத்தை 0 முதல் 65,520 வரையிலான எண்ணாகத் தரும். ட்ரோன் ரிமோட்டின் இரண்டு குச்சிகளுக்கும் சேர்த்து அசைவுகளும் நான்கே. அந்த மாணவர்களின் பழைய ரிமோட்டிலிருந்த பொட்டென்ஷியோமீட்டர்களை (குச்சியின் அசைவுக்கேற்ப மின்னழுத்தத்தை மாற்றும் பாகங்கள்) அந்த இணைப்பில் கோத்து, ஐந்து வரியில் ஒரு நிரலைத் தட்டி, நான்கு எண்களையும் திரையில் ஓடவிட்டார். மூன்று எண்கள் குச்சியோடு சேர்ந்து வழுக்கிச் சென்றன. மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலுக்குரியது மட்டும் நடுவில் ஆயிரக்கணக்கில் தாவியது. இரண்டு வாரங்களாக அந்த மாணவர்களின் ட்ரோன் ஏனென்று தெரியாமல் குலுங்கியதற்குக் காரணம் அதுதான். தேய்ந்த கார்பன் தடத்தை எண்ணாகவே கண்டபோது அவர்கள் முகத்தில் தோன்றிய தெளிவை நான் மறக்க மாட்டேன். இன்றைய மென்பொருளில் இதையே அசையும் பட்டையாகப் பார்க்கலாம். எனினும் தானே எழுதிய ஐந்து வரிகளில் பார்ப்பது வேறு அனுபவம்.

பழைய வீட்டுக் கணினிகள் மேல் ட்ரோன்காரர்களுக்கு ஏன் இத்தனை பிரியம் என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது. ட்ரோனின் பறப்புக் கட்டுப்பாட்டுப் பலகையில் பரவலாக இருக்கும் எஸ்டிஎம்32 எஃப்405 சில்லு 168 மெகாஹெர்ட்சில் ஓடும், ஆர்ம் என்ற வடிவமைப்பு வகையைச் சேர்ந்த ஒரு செயலி. பிபிசி மைக்ரோவை உருவாக்கிய ஏகார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த முதல் ஆர்ம் சில்லு, 1985 ஏப்ரலில் உயிர்பெற்றபோது ஒரு பிபிசி மைக்ரோவுடன்தான் இணைக்கப்பட்டிருந்தது. ட்ரோன் கேமரா காண்பதைக் கண்ணருகே காட்டும் அனலாக் எஃப்பிவி கண்ணாடியில் பேட்டரி அளவைக் காட்டும் எழுத்துகளும், பழைய கணினித் திரையில் போலவே, 30 பத்தி, 16 வரி என்ற கட்டங்களுக்குள் அடங்கியவையே. கண்ணாடியின் ஏவி உள்ளீட்டில் என் கணினியின் வீடியோ கம்பியை அவர் செருகிக் கொடுத்தபோது, பள்ளியில் கண்ட அதே எழுத்துகள் கறுப்பு வெள்ளையில் என் கண்ணருகே ஒளிர்ந்தன. பேச நாவெழவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்தில் தருவதாகச் சொன்ன வேலை ஏழு வாரம் ஆயிற்று. இடையில் தானாக ஒரு முறைகூட அழைத்துச் சொல்லவில்லை. கூலியும் பொருளுமாக 1,800 ரூபாய் வாங்கினார். அது நியாயமான தொகை என்றாலும், எந்தெந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று எழுதித் தரும்படி நானே கேட்டு வாங்க வேண்டியிருந்தது. விசைப்பலகையில் இரண்டு விசைகள் இன்னும் பலமாக அழுத்தினால்தான் பதிகின்றன. எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது வேறொன்று: ட்ரோன்களின் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிகளைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கக் கீழே இறங்கிப் போகிறார். ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தாண்டி ஏறினால் தீப்பிடிக்கலாம் என்பது அவருக்குத் தெரியாததன்று. மேலும், அதே அறையில் மாற்று கிடைக்காத கணினிகள் இருக்கின்றன. இதை நேரிலும் சொன்னேன். அடுத்த முறை போனபோது சார்ஜர் மேசையிலிருந்து அகற்றப்பட்டு, வாசலருகே மணல் நிரப்பிய மண்தொட்டிக்குள் வைக்கப்பட்டிருந்தது. ஆள் மட்டும் கீழே தேநீர்க் கடையில்தான் இருந்தார்.

பழைய கணினி கொண்டுபோகிறவர்கள் வீட்டில் சோதித்துப் பார்க்காமல் அப்படியே எடுத்துச் செல்லுங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் மாணவர் கூட்டம் சேர்ந்துவிடுவதால், நிதானமாகப் பேச வேண்டுமென்றால் முற்பகலே நல்லது.