பில்லில் ரியூப்லெஸ், உள்ளே ரியூப்: திருகோணமலைச் சைக்கிள்காரர் கவனத்துக்கு

திருகோணமலை நகருக்குள் ஒரு சைக்கிள் கடையில் 29 அங்குல மலைச்சைக்கிளின் இரண்டு சில்லையும் ரியூப்லெஸ், அதாவது உள்ளே ரியூப் இல்லாமல் ரயரிலேயே காத்து நிற்கிற மாதிரி, ஆக்கக் கொடுத்தோம். கடையின் பெயரைப் போடவில்லை. ஆனால் இதே வேலையை யாரும் எங்கேயும் செய்யலாம் என்பதால், சில்லைக் கழற்றியபோது உள்ளே கண்டதை அப்படியே எழுதுகிறோம். பில்லில் இருந்தவை: இரண்டு சில்லுக்கும் ரிம் ரேப் (ரிம்மின் கம்பித் துளைகளைக் காத்துப் போகாமல் மூடுகிற ஒட்டுப்பட்டி), ரியூப்லெஸ் வால்வு இரண்டு, சீலன்ட் (ரயருக்குள் விடுகிற, ஓட்டையை அடைக்கும் திரவம்) 240 மில்லிலீற்றர், கூலி. ரயரும் ரிம்மும் எங்களுடையவை, ரியூப்லெஸுக்கு ஏற்றவை.

மூன்றாம் நாள் விடிய முன்சில்லு தட்டையாகக் கிடந்தது. காத்தடித்தால் பின்னேரம் வரை நிற்கும், விடிந்தால் இறங்கியிருக்கும். பின்சில்லு சாம்பல்தீவுப் பக்கம் வீதியோரத்தில் ஒரு நெருஞ்சி முள் ஏறியதும் 'உஸ்' என்று முழுவதும் இறங்கிவிட்டது. சந்தேகம் வந்தது அந்த இடத்தில்தான். நெருஞ்சி போடுகிற ஓட்டை ஒரு மில்லிமீற்றர்கூட வராது. உள்ளே சீலன்ட் இருந்தால், சில்லு நாலைந்து சுற்றுச் சுற்றுவதற்குள் அதன் ரப்பர்ப்பால் உறைந்து ஓட்டையை அடைத்திருக்கும். நெருஞ்சிக்குப் பயந்துதானே இந்தப் பக்கத்தில் ரியூப்லெஸ் போடுகிறோம்.

பின்ரயரை ஒரு பக்கம் இழுத்தபோது உள்ளே சாதாரண ரியூப் இருந்தது. சீலன்ட் ஒரு துளி இல்லை. ரிம் ரேப்பும் இல்லை. கம்பித் துளைகளை மறைக்கும் பழைய ரப்பர் பட்டிதான் கிடந்தது. மெல்லிய வால்வுள்ள ரியூப் என்பதால் வெளியில் இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

முன்சில்லு உண்மையிலேயே ரியூப்லெஸ்தான். ஆனால் ரிம் ரேப்புக்குப் பதிலாக, வயர் சுற்றுகிற கறுப்பு இன்சுலேஷன் ரேப்பை இரண்டு வரியாக ஒட்டியிருந்தார்கள். ரிம்மின் உள் அகலம் 25 மில்லிமீற்றர், அந்த ரேப்பின் அகலம் 18. நடுவில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடத்தில் பசை இளகி, மேல் வரி பக்கத்துக்கு நழுவிப் போயிருந்தது. ஒவ்வொரு கம்பித் துளைக்கு மேலும் ரேப் சின்னக் குழியாக உள்ளே இறங்கியிருந்தது. இன்சுலேஷன் ரேப் இழுபடுகிற பிளாஸ்டிக். வெயிலில் பசை இளகும், காத்தின் அமுக்கத்தில் துளைக்குள் பிதுங்கும், கடைசியில் கிழியும். காத்து இறங்கியதற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் வால்வு. அதன் வெளி நட்டைக் குறட்டால் முறுக்கியிருந்தார்கள். நட்டில் பல்லுத் தடம் தெரிந்தது. உள்ளே ரப்பர் அடி முறுகி ஒரு பக்கம் கிழிந்திருந்தது. மூன்றாவதுதான் எங்களுக்கு அதிகம் கவலை தந்தது: ரிம் ஓரம் முழுவதும், ரியூப்புக்கு ஒட்டுப் போடுகிற சொலூஷனைப் பூசி ரயரை ஒட்டியிருந்தார்கள். கழற்றும்போது ரயர் விளிம்பில் இருந்து ரப்பர் நார் நாராகப் பிய்ந்து வந்தது. சரியான ரேப்பும் சரியான ரயரும் இருந்தால் ஒட்ட எதுவும் தேவையில்லை. சொலூஷன் பூசிய ரயரை வீதியில் வைத்துக் கழற்றவும் முடியாது. சீலன்ட் 120 மில்லிலீற்றர் என்று கணக்கு. சிரிஞ்சால் உறிஞ்சி அளந்தால் 30கூட வரவில்லை. அதுவும் தண்ணி கலந்த மோர்போல இருந்தது.

கடைக்குக் கொண்டு போய்க் காட்டியபோது சொன்ன பதில்: "தம்பி, இந்த ஊர் றோட்டுக்கு ரியூப் போட்டால்தான் நிண்டு பிடிக்கும்." அப்படி நினைத்தால் முதலே சொல்லியிருக்கலாம். ரியூப்புக்கான காசை மட்டும் எடுத்திருக்கலாம்.

அந்த இரண்டு சில்லையும் பிறகு வீட்டிலேயே சரியாக்கினோம். இதற்கு மெஷின் வேண்டாம், ஒரு முழுப் பின்னேரம் போதும்.

முதலில் ரிம். பழைய பசையைப் பிளாஸ்டிக் துண்டால் சுரண்டி, எண்ணெய் சேராத ஐசோபுரோபைல் அற்ககோலால் துணி கறுக்காமல் வரும்வரை துடைக்க வேண்டும். கடற்கரைப் பக்கம் வைத்திருக்கிற சைக்கிள் என்றால் வால்வுத் துளையைச் சுற்றி அலுமினியம் வெள்ளையாகப் பூத்திருக்கும். அதை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். ரிம் ரேப் உள் அகலத்தைவிட 3 முதல் 5 மில்லிமீற்றர் கூடுதலாக இருக்க வேண்டும். 25 மில்லிமீற்றர் ரிம்முக்கு 28 அல்லது 30. ரயர் உட்காருகிற இரண்டு ஓரத் தட்டையும் அது மூட வேண்டும், சுவரில் ஏறக்கூடாது. வால்வுத் துளைக்கு 10 சென்ரிமீற்றர் முன்னே தொடங்கி, நன்றாக இழுத்துப் பிடித்தபடி ஒட்டிச் சுற்றி வந்து, துளையைத் தாண்டி 10 சென்ரிமீற்றரில் வெட்டுங்கள். வால்வு வருகிற இடத்தில் இரண்டு மடிப்பு விழும். 29 அங்குலச் சில்லுக்கு 2 மீற்றருக்குச் சற்றுக் கூடப் பிடிக்கும். வீதிச்சைக்கிள்போல அதிக காத்து அடிக்கிற சில்லு என்றால் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும்.

1999இல் மவிக் நிறுவனம் கொண்டுவந்த முதல் ரியூப்லெஸ் ரிம்களில் உட்பக்கம் கம்பித் துளையே இருக்கவில்லை, அதனால் ரேப்பும் தேவைப்படவில்லை. இன்றைக்கு நாங்கள் ஓடுகிற ரிம்களில் 28 அல்லது 32 துளை இருக்கிறது. அத்தனையையும் மூடுவது அந்த ஒரு ரேப்தான். கடைக்காரர் மிச்சம் பிடித்த சாமான் அது.

வால்வுத் துளையைக் கத்தியால் வெட்டாதீர்கள். வெட்டு நீண்டு கிழிந்துகொண்டே போகும். ஒரு ஊசியை மெழுகுதிரியில் சூடாக்கிக் குத்தினால் ஓரம் உருகி வட்டமாக நிற்கும். அதற்குள் வால்வை அமுக்கித் தள்ளி, ரப்பர் அடி ரேப்பில் படியும்வரை உள்ளிருந்து பெருவிரலால் அழுத்திக்கொண்டு, நட்டை விரலால் மட்டும் முறுக்குங்கள். வீதியில் கையால் கழற்ற முடியாத நட்டு ஆபத்துக்கு உதவாது.

ரயரை ஏற்றத் தொடங்க வேண்டியது வால்வுக்கு எதிர்ப்பக்கம், முடிக்க வேண்டியது வால்வில். வால்வு இருக்கிற இடத்தில் ரயர் விளிம்பு ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் இறங்காது. மற்றப் பக்கம் முழுவதையும் பள்ளத்துக்குள் தள்ளி வைத்தால்தான் கடைசித் துண்டு கையாலேயே ஏறும். இரும்பு நெம்புகோல் ரேப்பைக் கிழித்துவிடும், அதைத் தொடாதீர்கள்.

விளிம்பு இரண்டிலும் சவர்க்காரத் தண்ணி பூசி, வால்வுக்குள் இருக்கிற ஊசித் துண்டை, அதாவது வால்கட்டையைக் கழற்றிவிட்டு அடியுங்கள். அதை எடுத்தால் காத்து போகிற வழி பெரிதாகும். விளிம்பு ஓரத்துக்கு ஏறும்போது 'டக்... டக்' என்று சத்தம் வரும். 2.25 அங்குல ரயரில் எங்களுக்கு அது 30, 35 பி.எஸ்.ஐ. அளவில் வந்தது. பிறகு ரயர் சுவரில் ரிம்முக்கு மேலே ஓடுகிற மெல்லிய கோட்டைச் சுற்றிப் பாருங்கள். எங்காவது அது ரிம்முக்குள் மறைந்தால் அந்த இடம் இன்னும் ஏறவில்லை. காத்தை இறக்கி, சவர்க்காரம் பூசி, திரும்ப அடிக்க வேண்டும்.

புது ரயர் மடிந்து கிடந்தது என்றால் சாதாரணப் பம்ப்பால் ஏறாமல் பக்கத்தால் காத்து போகும். அரை மணித்தியாலம் வெயிலில் வையுங்கள். அப்படியும் மறுத்தால், ஒரு ரியூப்பைப் போட்டு அடித்து இரவு முழுவதும் விடுங்கள். ரேப்பும் அழுந்தும், விளிம்பு இரண்டும் ஏறும். விடிய ஒரு பக்கத்தை மட்டும் பிரித்து ரியூப்பை எடுத்தால் மற்றப் பக்கம் ஏறியபடியே நிற்கும். இனிப் பம்ப்புக்குப் பாதி வேலைதான்.

பெற்றோல் செட்டில் அடிக்கிறவர்கள் மெல்லிய வால்வுக்கு ஏற்ற பித்தளை அடப்டர் கொண்டு போங்கள். அங்கே இருப்பது வாகன ரயருக்கான அமுக்கம். ரயர் சுவரிலும் ரிம்மிலும் அச்சிட்ட உச்ச அளவில் எது குறைவோ அதைத் தாண்டவே கூடாது. ரயர் விளிம்பைப் பிடிக்கும் கொக்கி ஓரம் இல்லாத ரிம்முக்கு எல்லை 5 பார், 72.5 பி.எஸ்.ஐ. ஏறாத ரயரை 90க்கு அடித்து ஏற்றுகிற பழக்கம் சில கடைகளில் உண்டு. ரயர் ரிம்மை விட்டுப் பாய்ந்தால் விரல், கண், காது எதுவும் தப்பாது. பெற்றோல் ஊற்றி நெருப்பு வைத்து ஏற்றுகிறவர்கள் பக்கமே போகாதீர்கள்.

ஏறிய பிறகுதான் சீலன்ட். போத்தலை ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள், திடப்பொருள் அடியில் தங்கும். வால்கட்டை கழற்றிய வால்வு வழியே சிரிஞ்சால் விடலாம். 700x28 அளவு ரயருக்கு 30 முதல் 40 மில்லிலீற்றர், 700x40 ரயருக்கு 60, 29x2.25 ரயருக்கு 100 முதல் 120. வால்கட்டையைப் போட்டுக் காத்தடித்து, சில்லைச் சுற்றி, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் படுக்கவையுங்கள். 70 கிலோ எடையுள்ளவருக்கு 2.25 ரயரில் முன்னுக்கு 22, பின்னுக்கு 25 பி.எஸ்.ஐ. என்று தொடங்கலாம்.

கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில் சீலன்ட் விரைவாகக் காயும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காத்தை இறக்கி, வால்வைக் கீழே வைத்து, வால்கட்டையைக் கழற்றி, ஒரு கேபிள் ரையை உள்ளே விட்டுப் பாருங்கள். நனைந்து வரவில்லை என்றால் பாதி அளவு விட வேண்டும்.

காத்து எங்கே போகிறது என்று தெரியாவிட்டால் சவர்க்காரத் தண்ணி பூசுங்கள். கம்பி அடியில் குமிழி வந்தால் ரேப், வால்வு அடியில் வந்தால் வால்வு. ரேப் ஓட்டை என்றால் காத்து எந்தக் கம்பி வழியாகவும் வெளியே வரும், குமிழி வந்த துளைதான் கிழிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ரேப்பை முழுதாக மாற்ற வேண்டும். ரயர் சுவரில் சின்னச் சின்னக் குமிழி வந்தால் பயமில்லை, ஓரிரு நாள் ஓட அடைபடும்.

கடையில்தான் செய்விக்கப் போகிறீர்கள் என்றால் ரேப் ஒட்டும்போதும் சீலன்ட் அளக்கும்போதும் பக்கத்தில் நில்லுங்கள். காசு கொடுக்க முதல் சில்லைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்குங்கள். 'சளக் சளக்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் காத்தை இறக்கி கேபிள் ரையை விடச் சொல்லுங்கள். உலர்ந்து வந்தால் ரயரின் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பில்லில் ரேப், வால்வு, சீலன்டின் மில்லிலீற்றர் எல்லாம் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். அந்தப் பில் இருந்ததால்தான் சீலன்ட் காசையும் பின்வால்வுக் காசையும் எங்களால் திருப்பி வாங்க முடிந்தது, கூலி வரவில்லை. மறுக்கிற கடை என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. கழற்றிய ரேப்பையும் ரியூப்பையும் எறியாமல், பில்லோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள்.