சோதனை உளவியல் படிக்க: தனியார் பல்கலைக்கழகமா, நகரத்துக் கல்லூரியா?

"சைக்காலஜி எடுக்கப் போறேன்" என்று சொன்ன உடனே வீட்டில் கேட்பது, "கவுன்சிலிங்கா?" என்றுதான். நினைவு எப்படித் தங்குகிறது, கவனம் எங்கே சிதறுகிறது, கண் ஏன் ஏமாறுகிறது என்று சோதனை செய்து அளந்து பார்க்க (இதுதான் சோதனை உளவியல்) ஆசைப்படும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சென்னையில் வழி இரண்டு. ஓ.எம்.ஆர்., ஜி.எஸ்.டி. சாலைப் பக்கத்துத் தனியார் பல்கலைக்கழகங்கள் ஒன்று. நகருக்குள் மாநிலக் கல்லூரி, பெண்களுக்கு டபிள்யூ.சி.சி. (மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி) போன்ற தன்னாட்சிக் கல்லூரிகள் மற்றொன்று. தொலைதூரக் கல்வியில் சைக்காலஜி சேர்க்கையை 2025 ஜூலை-ஆகஸ்டிலிருந்து யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. செய்முறை இல்லாமல் இந்தப் பாடமே இல்லை என்பதால் எனக்கு அதில் வருத்தமில்லை.

கட்டணத்தில் போட்டியே கிடையாது. தனியாரில் ஒரு செமஸ்டருக்குக் கட்டும் பணத்தில் மாநிலக் கல்லூரியில் மூன்று வருஷமும் முடித்துவிடலாம்.

ஆய்வகத்துக்கு வருவோம். முதலில் கையில் வருவது பெரும்பாலும் முல்லர்-லையர் பலகை, அதாவது சமமான இரண்டு கோடுகள் கண்ணுக்குச் சமமில்லாமல் தெரியும் படம். ஒரு கோட்டின் முனைகளில் அம்புக்குறி உள்நோக்கி மடங்கியிருக்கும், இன்னொன்றில் வெளிநோக்கி விரிந்திருக்கும். எதிரே உட்கார்ந்த தோழி ஒன்றை நகர்த்தி, இரண்டும் சமம் என்று தோன்றுகிற இடத்தில் நிறுத்துவாள். பலகையைத் திருப்பினால் எத்தனை மில்லிமீட்டர் பிசகியது என்று பின்பக்க அளவுகோல் சொல்லும். நீளமாக வைத்துக் குறைப்பது, குட்டையாக வைத்துக் கூட்டுவது, பலகையை இடம் வலம் மாற்றுவது என்று முறை மாற்றி எடுக்க வேண்டும். அப்போதுதான் கை போகும் திசையால் வரும் பிழை தனியாகவும், கண்ணின் பிழை தனியாகவும் பிரியும். 1889-ல் வெளிவந்த இந்த ஒரு படத்தை ஒழுங்காகச் செய்து பார்த்தவருக்கு, சோதனை என்றால் என்ன என்பது பாதி புரிந்துவிடும்.

இதைச் சொல்லிக்கொடுப்பதில் நகரத்துக் கல்லூரிகளின் பழைய ஆசிரியர்களை நான் மிகவும் மதிக்கிறேன். சப்ஜெக்ட்டுக்கு, அதாவது சோதனைக்கு உட்காருபவருக்கு, படித்துக் காட்டும் குறிப்பில் ஒரு வார்த்தை மாறினாலும் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். குறை அதற்குப் பிறகு வருகிறது. ஒரே ஒரு சப்ஜெக்ட், ஒரு சராசரி, சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதிய முடிவு விளக்கம், ஆசிரியர் கையெழுத்து. அத்தோடு முடிந்தது.

தனியாரில் கம்ப்யூட்டர் லேப் பளபளக்கும். அதற்காக மட்டும் பணம் கொடுக்காதீர்கள். சோதனை வடிவமைக்கும் சைக்கோபை, புள்ளியியலுக்கான ஜாஸ்ப் இரண்டும் இலவசம், சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். அங்கே கொடுக்கும் பணத்துக்கு உண்மையில் தகும் விஷயம் நாலாம் வருஷம்தான். தமிழக அரசுப் பல்கலைக்கழகங்களோடு இணைந்த கல்லூரிகளில் பட்டம் மூன்று வருஷம். ஆராய்ச்சியோடு கூடிய நான்கு வருஷ ஆனர்ஸ் தரும் தனியாரில், கடைசி வருஷம் சொந்தமாக ஒரு கேள்வி, சொந்தமாக ஒரு சோதனை. 75 சதவீதம் எடுத்தால் எம்.ஏ. இல்லாமலே யு.ஜி.சி.யின் நெட் தகுதித் தேர்வு எழுதலாம், பி.எச்டி.க்கு விண்ணப்பிக்கலாம்.

அந்த ஒரு வருஷத்தை நான் பெரிதாக நினைக்கக் காரணம் உண்டு. பிரசுரமான 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த முடிவு 2015-ல் வெளியானது. சுமார் 36 சதவீதத்தில்தான் முடிவு மறுபடி புள்ளியியல்படி தேறியது. எத்தனை பேரைச் சோதிக்க வேண்டும், எந்தக் கணக்கு போடுவோம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது இன்று இந்தத் துறையின் அடிப்படை ஒழுக்கம். ஒரே சப்ஜெக்ட் ரெக்கார்டில் அது வராது.

ஆகவே கடன் வாங்காமல் கட்ட முடியும், நாலாம் வருஷமும் நிஜமாக நடக்கிறது என்றால் தனியார். இல்லையென்றால் யோசிக்காமல் நகரத்துக் கல்லூரி. மூன்று வருஷத்தோடு வருபவருக்கும் அலகாபாத் பல்கலைக்கழகம், ஐ.ஐ.டி. காந்திநகர் போன்ற இடங்களில் அறிவாற்றல் அறிவியல் (காக்னிட்டிவ் சயின்ஸ்) மேற்படிப்பு இருக்கிறது. சைக்கோபையை விடுமுறையில் கற்றுக்கொண்டால் போதும்.

தனியாரில் பணம் கட்டும் முன், "நாலாம் வருஷம் கைடு யார், அவர் கடைசியாக என்ன ஆய்வு வெளியிட்டார்?" என்று கேளுங்கள். வேலை நாளில் போய், மூன்றாம் வருஷ மாணவரிடம் ரெக்கார்டை வாங்கிப் புரட்டுங்கள். "அப்ளைடு" என்று பெயர் வைத்த படிப்பில் செய்முறைத் தாள்கள் எத்தனை என்று பாடத்திட்டத்தில் எண்ணுங்கள். பதில் வர இழுத்தால் காத்திருக்க வேண்டாம், அரசுக் கலைக் கல்லூரிகளுக்கான ஆன்லைன் விண்ணப்பத்தைத் தேதி தாண்டாமல் போட்டுவிடுங்கள்.